பிதுருதலாகலவுக்கும் மேலே: மலையகத்திலிருந்து இமய நடைக்கு ஆயத்தமாகும் முறை

இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,524 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கச் செல்பவர்கள் விமானத்தில் வந்து இறங்கும் லுக்லா என்ற சிற்றூரோ ஏறத்தாழ 2,850 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் நாட்டின் உச்சியைக் கடந்து முந்நூறு மீற்றருக்கு மேலே சென்ற பிறகுதான் அந்த நடையின் முதல் அடியே தொடங்குகிறது. நுவரெலியாவிலோ அக்கரப்பத்தனையிலோ அப்புத்தளையிலோ பிறந்து வளர்ந்தவர்களுக்கு, "நாங்கள் மலையிலேயே கிடப்பவர்கள், எங்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது" என்ற எண்ணம் இயல்பாகவே உண்டு. கால்களைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரியானது. மூச்சைப் பொறுத்தவரை அது தவறானது, சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தானது. ஆகவே மலையகத்தவர் ஒருவர் உயர்மலை நடைக்கு ஆயத்தமாகும்போது, இந்த மண் தமக்கு ஏற்கெனவே தந்திருப்பது எது, தராதது எது என்பதைப் பிரித்து அறிந்துகொண்டு, தராததற்கே கூடுதலான நேரத்தைச் செலவிட வேண்டும்.

உயரம் உடலுக்குச் செய்வது

காற்றில் ஒட்சிசனின் பங்கு காலிமுகத்திடலிலும் இமயத்திலும் ஒன்றேதான். ஏறத்தாழ 21 வீதம். மாறுவது காற்றின் அமுக்கம். நுவரெலியா நகரம் இருக்கும் 1,868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 வீதமாக இருக்கிறது. எவரெஸ்ட் அடிவார முகாம் இருக்கும் 5,364 மீற்றரில் அது பாதியாகிவிடுகிறது; அதே அளவு மூச்சை இழுத்தாலும் உள்ளே செல்லும் ஒட்சிசன் பாதிதான். உடல் இதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். முதலில் மூச்சும் நாடித்துடிப்பும் விரைவடைகின்றன. விரைவான மூச்சினால் இரத்தத்தில் கூடும் காரத் தன்மையைச் சிறுநீரகங்கள் சில நாட்களில் சீர்செய்கின்றன. சிவப்பணுக்கள் பெருகுவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது. இவற்றுள் எதையும் உடற்பயிற்சியால் விரைவுபடுத்த முடியாது. சொல்லப்போனால், நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்களே, உயரத்தில் ஒட்சிசன் குறைவதால் தலைவலி, வாந்தி என்று தொடங்கும் மலைநோயில் எளிதாகச் சிக்குகிறார்கள், ஏனென்றால் அவர்களால் வேகமாக ஏற முடிகிறது; வேகமாக ஏறுவதுதான் அந்த நோய்க்கு முதன்மையான காரணம்.

அட்டன் போன்ற 1,300 மீற்றரை எட்டாத ஊர்களில் வாழ்வது இந்தப் பழக்கத்துக்குப் பெரிய உதவி எதுவும் செய்வதில்லை. நுவரெலியாவில் வாழ்பவருக்குச் சிறிதளவு உதவி கிடைக்கலாம், ஆனால் வேலைக்காகக் கொழும்பில் தங்கி விடுமுறைக்கு மட்டும் தோட்டத்துக்குத் திரும்பும் இளைஞர்களுக்கு அந்தச் சிறு நன்மையும் சில வாரங்களில் கரைந்துவிடும். ஆகவே யாராக இருந்தாலும் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும்: 3,000 மீற்றருக்கு மேலே சென்றபின், இன்றிரவு உறங்கும் இடம் நேற்றிரவு உறங்கிய இடத்தைவிட 500 மீற்றருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது, மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவுகள் தங்க வேண்டும். பகலில் அதைவிட உயரத்துக்கு ஏறிவிட்டு இறங்கி வந்து உறங்குவதில் தவறில்லை, அது நன்மையே செய்யும். இங்கே கணக்கில் எடுக்க வேண்டியது உறங்கும் உயரத்தைத்தான்.

எந்த மலை, எந்தப் பாதை

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், பயண முகவர்கள் தரும் நிகழ்ச்சி நிரல்களில் நல்லது எது, மோசமானது எது என்பதை நீங்களே தெரிந்துகொள்ளலாம். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கான ஒழுங்கான நிரல் ஏறத்தாழ இப்படி அமையும்: லுக்லாவில் இறங்கி அன்றே 2,610 மீற்றரில் உள்ள பக்டிங்குக்குக் கீழிறங்கி உறங்குவது, மறுநாள் 3,440 மீற்றரில் உள்ள நாம்சே பஸாருக்கு ஏறி அங்கே இரண்டு இரவுகள் தங்குவது, பின்னர் தெங்பொச்சே (3,860), டிங்பொச்சே (4,410) என்று ஏறி, டிங்பொச்சேயில் மீண்டும் இரண்டு இரவுகள், அதன்பின் லொபுச்சே (4,940), இறுதியாகக் கோரக் ஷெப் (5,164). பக்டிங்கிலிருந்து நாம்சேக்கு ஒரே நாளில் 830 மீற்றர் ஏறுவதால்தான் அங்கே ஒரு மேலதிக இரவு சேர்க்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். விலையைக் குறைப்பதற்காக அந்த இரவையோ டிங்பொச்சேயின் இரண்டாவது இரவையோ வெட்டியிருக்கும் நிரலைத் தயங்காமல் மறுத்துவிட வேண்டும். மிச்சமாகும் காசு, நோயுற்றால் மீட்க வரும் ஒரு ஹெலிகொப்டரின் கட்டணத்துக்குக் கிட்டவும் வராது.

முதல் தடவை செல்பவர் எவரெஸ்ட் என்ற பெயருக்காகவே அந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 4,130 மீற்றரில் உள்ள அன்னபூர்ணா அடிவார முகாம் இமயத்தின் நடுவிலேயே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதற்கான நடை பொக்கராவுக்கு அருகில், தாழ்வான கிராமங்களிலிருந்து தொடங்குவதால் உடலுக்குப் பழகும் கால அவகாசம் கிடைக்கிறது. என் கருத்தில் மலையகத்தவருக்கு மிகப் பொருத்தமான முதல் நடை அதுவே. அந்தப் பாதையில் முடிவின்றி வரும் கற்படிகள் நமக்குப் புதியவை அல்ல. மாறாக, லடாக்கிலுள்ள லே நகருக்கு விமானத்தில் செல்பவர் ஒரு சில மணிநேரத்தில் 3,500 மீற்றரில் இறக்கப்படுகிறார்; அங்கே குறைந்தது இரண்டு நாட்கள் ஒன்றும் செய்யாமல் ஓய்ந்திருக்க வேண்டும். மலேசியாவின் கினபாலு 4,095 மீற்றர் உயரமே ஆனாலும் பெரும்பாலோர் இரண்டே நாட்களில் ஏறி இறங்குவதால், தலைவலியும் வாந்தியும் அங்கே சாதாரணமாகக் காணப்படுகின்றன.

நேபாளத்துக்கு மார்ச் முதல் மே வரையும், ஒக்டோபரும் நவம்பரும் ஏற்ற காலங்கள். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது நீங்கள் இங்கே எங்கே பயிற்சி செய்யப் போகிறீர்கள் என்பதையும் தீர்மானிக்கிறது.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

பயணத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே ஒரு வைத்தியரைச் சந்திப்பது நல்லது. ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், நீரிழிவு ஆகியவை உள்ளவர்கள் அதை மறைக்கக் கூடாது. இன்சுலின் போடுபவர் மருந்து உறைந்துவிடாமல் உடலோடு ஒட்டி வைத்துச் செல்ல வேண்டியிருக்கும். சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் பிழையான அளவைக் காட்டக்கூடும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தச்சோகை உள்ளவர், குறிப்பாகப் பெண்கள், தாழ்ந்த இடத்தில் அதைப் பெரிதாக உணராமலே நாட்களைக் கடத்திவிடலாம். ஒட்சிசன் பாதியாகும் இடத்தில் அதைச் சுமந்து செல்லும் சிவப்பணுக்களும் குறைவாக இருந்தால் படும் பாடு வேறு. இரும்புச்சத்துக் குளிசை வேலை செய்வதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதாலேயே இந்தப் பரிசோதனையை முன்கூட்டிச் செய்யச் சொல்கிறேன்.

மலைநோயைத் தடுப்பதற்கு அசெற்றசொலமைட் என்ற மருந்தை வைத்தியர்கள் கொடுப்பதுண்டு. டயமொக்ஸ் என்ற பெயரில் பலர் அறிந்தது அதுதான். பெரியவர்களுக்கு வழமையான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரு தடவை. ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுக்கப்படுகிறது. இது மூச்சைத் தூண்டி உடல் பழகுவதை விரைவாக்குகிறதே தவிர, நோயின் அறிகுறிகளை மூடி மறைப்பதில்லை. சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் நுனிகளில் கூச்சம், அடிக்கடி சிறுநீர் கழித்தல் போன்றவை இதன் பக்க விளைவுகள். அவை உங்களுக்கு எப்படி இருக்கின்றன என்பதை வைத்தியரின் அனுமதியோடு வீட்டிலேயே ஓரிரு நாட்கள் எடுத்துப் பார்த்து அறிந்துகொள்வது உத்தமம். தூக்கக் குளிசைகளையும் மதுவையும் மேலே தவிர்க்க வேண்டும், ஏனென்றால் அவை உறக்கத்தில் மூச்சை மந்தமாக்குகின்றன.

பயிற்சி: மலையகம் தரும் பரிசு

இந்த ஒரு விடயத்தில் உலகின் பல நகரவாசிகள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படலாம். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலையின் 2,243 மீற்றர் உச்சிக்கு ஏறுவது ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் நேர் ஏற்றம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இமய நடையில் பெரும்பாலான நாட்களின் ஏற்றம் இதைவிடக் குறைவு. இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலைப் பாதை இன்னும் நீளமானது, ஏற்றமும் கூடியது. ஆனால் நாம் வழமையாக இந்த மலையை ஏறும் முறை இமயத்துக்கு முற்றிலும் எதிரானது. நள்ளிரவில் தொடங்கி, உறக்கமில்லாமல், சூரிய உதயத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று விரைந்து, மறுநாள் முழுதும் வீட்டில் படுத்துக் கிடப்பதே நம்மவர் வழக்கம். பயிற்சிக்காக ஏறும்போது பகலில், முதுகில் பாரத்தோடு, பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சுத் திணறாமல் சொல்லக்கூடிய வேகத்தில் ஏறுங்கள். அந்த வேகம் உங்களுக்கு எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாக இருந்தால் அதுவே சரியான வேகம்.

நான்கு மாதங்கள் இருந்தால் போதும். முதல் மாதத்தில் வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு நாட்கள் முக்கால் மணிநேரம் ஏற்றமான பாதையில் நடந்து, வார இறுதியில் இரண்டு மூன்று மணிநேரம் நடக்க வேண்டும். தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தொழிற்சாலையிலிருந்து மேல் டிவிசனுக்குப் போகும் பாதையே இதற்குப் போதும். இரண்டாம் மாதத்திலிருந்து முதுகுப்பையில் மூன்று கிலோவில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏழு எட்டு கிலோ வரை கூட்டலாம். பாரத்துக்கு அரிசிப் பையும் வைக்கலாம், தண்ணீர்ப் போத்தல்களும் வைக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தால் உச்சியில் ஊற்றிவிட்டுச் சுமையில்லாமல் இறங்கலாம். மூன்றாம் மாதத்தில் செய்ய வேண்டிய முதன்மையான மாற்றம், அடுத்தடுத்து இரண்டு நாட்கள் நீண்ட நடை செல்வது. சனிக்கிழமை ஐந்தாறு மணிநேரம் நடந்த கால்களோடு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று நான்கு மணிநேரம் நடக்க வேண்டும். இமயத்தில் பத்துப் பன்னிரண்டு நாட்கள் தொடர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது, ஒரு நாள் வீரம் அங்கே உதவாது. கடைசிப் பத்து நாட்களில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

இறக்கத்தைப் பலரும் பயிற்சியாகவே கருதுவதில்லை. தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவது இறங்கும்போதுதான். சிவனொளிபாதமலைக்குப் போய்வந்த மறுநாள் படியிறங்க முடியாமல் சுவரைப் பிடித்து நடப்பதற்குக் காரணமும் அதுவே. இந்தத் தசைகளைப் பழக்க, முழங்காலைச் சற்று வளைத்து, படிகளில் குதிக்காமல், ஒவ்வொரு காலையும் ஓசையின்றி வைத்து இறங்கிப் பழக வேண்டும். நாள்தோறும் வாசற்படியில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை மெதுவாகத் தரைக்கு இறக்கி ஏற்றுவதும் நல்ல பயிற்சி. இரண்டு ஊன்றுகோல்களோடு நடக்க இங்கேயே பழகிக்கொண்டால் முழங்கால்களுக்குப் பெரும் ஆறுதல் கிடைக்கும். கிழவர்களின் கைத்தடி என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பருவமழை குறித்துத் திட்டமிட வேண்டும். ஏப்ரலில் புறப்படுபவருக்கு டிசம்பர்ப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீளும் சிவனொளிபாத யாத்திரைக் காலம் சரியாகப் பொருந்தும். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை பெரும்பாலும் உலர்ந்திருக்கும். ஒக்டோபரில் புறப்படுபவரின் பயிற்சிக் காலம் தென்மேல் பருவமழையில் விழுகிறது. அப்போது மேற்கு மலைச்சரிவுகளில் சறுக்கி விழுவதைவிட, அதே மாதங்களில் வரண்டிருக்கும் ஊவாப் பக்கம் செல்வது அறிவுடைமை: தம்பதென்னைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறும் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர்த் தோட்டப் பாதை, 2,036 மீற்றர் உயரமான நமுனுகுல மலை ஆகியவை அங்கே உள்ளன. நம் நாட்டில் பொதுமக்கள் நடந்து ஏறக்கூடிய மிக உயர்ந்த சிகரம் 2,388 மீற்றர் உயரமான கிரிகல்பொத்தையாகும், ஏனென்றால் பிதுருதலாகல உச்சி பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது. ஹோட்டன் சமவெளிக்குள் தொடங்கும் கிரிகல்பொத்தைப் பாதை போகவர ஏறத்தாழ 14 கிலோமீற்றர். பாரத்தோடு நடக்கும் ஒரு முழுநாள் ஒத்திகைக்கு அதற்கு நிகர் இல்லை.

தோட்டங்களுக்குள் நடப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. குளவிக்கூடு எந்த மலையில் இருக்கிறது என்பதை அங்கே கொழுந்து பறிப்பவர்களிடம் கேட்டறியாமல் புதிய மலைக்குள் நுழைய வேண்டாம். விடியுமுன் தனியே நடக்கவும் வேண்டாம். தேயிலைக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட ஓரங்களில் சிறுத்தைகளின் நடமாட்டம் உண்டு.

உடையும் சுமையும்

நம் குளிர் ஈரமான குளிர், இமயத்தின் குளிர் உலர்ந்த குளிர். நுவரெலியாவில் கம்பளித் தொப்பியும் ஜேர்சியும் போட்டுச் சமாளித்த அனுபவம் ஓரளவுக்கே கைகொடுக்கும். உயரம் ஆயிரம் மீற்றர் கூடக் கூட வெப்பநிலை சராசரியாக ஆறு, ஆறரைப் பாகை குறைகிறது. ஒக்டோபர் இறுதியில் ஐயாயிரம் மீற்றரில் இரவு உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே செல்வது வழமை. தங்குமிடங்களில் உணவுக் கூடத்தில் மட்டுமே அடுப்பு எரியும், படுக்கை அறைகளில் எந்தச் சூடும் இருக்காது.

உடையை அடுக்கடுக்காக அணிவதே முறை. உடலோடு ஒட்டிய அடுக்கு வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழையாலோ மெல்லிய கம்பளியாலோ ஆனதாக இருக்க வேண்டும். பருத்தி பெனியன் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நின்ற மறுகணமே உடலைக் குளிர்விக்கும் என்பதால் அதை உறங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு கம்பளி அல்லது பிளீஸ் சட்டை, அதற்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி, மாலை வேளைக்கு இறகு அடைத்த தடித்த ஜக்கெட். இந்தக் கடைசிப் பொருளையும், உறக்கப்பையையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. காத்மண்டுவின் தாமெல் பகுதிக் கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். நம் தீவில் மீண்டும் ஒருபோதும் தேவைப்படாத ஒரு பொருளுக்குச் சேமிப்பைக் கரைப்பது வீண்.

சப்பாத்தை மட்டும் வாடகைக்கு எடுக்கவும் கூடாது, கடைசி நேரத்தில் வாங்கவும் கூடாது. கணுக்காலைப் பிடித்து நிற்கும், நீர் உட்புகாத ஒரு சோடியை மூன்று மாதங்களுக்கு முன்னரே வாங்கி, தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, இறக்கத்தில் பெருவிரல் முன்பக்கத்தில் முட்டாத அளவுக்கு அரை அளவு பெரிதாகத் தேர்ந்தெடுத்து, பயிற்சி முழுவதையும் அதிலேயே செய்ய வேண்டும். செருப்போடு சிவனொளிபாதமலை ஏறியவர்கள் நம்மிடையே ஏராளம் என்றாலும், பன்னிரண்டு நாள் நடையில் ஒரு சிறு கொப்புளமே பயணத்தை முடித்துவிடக்கூடும். விமானப் பயணத்தில் சப்பாத்தைக் காலிலேயே அணிந்து செல்லுங்கள்; பொதி தொலைந்தால் வேறெதையும் காத்மண்டுவில் வாங்கிவிடலாம்.

உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து வீதம் கூடுகிறது, பனி அதைத் திருப்பியும் எறிகிறது. ஆகவே நல்ல கறுப்புக் கண்ணாடியும் வெயில் தடுப்புக் களிம்பும் தேவை. கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற பேச்சு அங்கே எடுபடாது. லுக்லா விமானத்தில் பொதி அனுமதி பொதுவாகப் பதினைந்து கிலோ அளவிலேயே இருப்பதால், எல்லாவற்றையும் கட்டி வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தலைவிளக்கு, பவர் பாங்க், கைபேசி ஆகியவற்றின் மின்கலங்கள் குளிரில் விரைவாக இறங்கிவிடும். இரவில் அவற்றை உறக்கப்பைக்குள் வைத்து உறங்க வேண்டும்.

சுமைதூக்குபவரை அமர்த்துவதானால், அவருக்குக் காப்புறுதி இருக்கிறதா, குளிருக்கேற்ற உடையும் தங்குமிடமும் கிடைக்கின்றனவா, பேசிய கூலி அவர் கைக்கே போகிறதா என்று முகவரிடம் நேரடியாகக் கேளுங்கள். தலைமுறை தலைமுறையாக நாட்சம்பளத்துக்காகப் போராடிய சமூகத்திலிருந்து செல்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது அழகல்ல.

உணவும் நீரும்

பருப்பும் சோறும் கீரையும் கொண்ட நேபாளத் தட்டு நமக்கு அந்நியமானதல்ல. நாம்சேக்கு மேலே இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் அது கீழிருந்து நாட்கணக்கில் சுமந்து கொண்டுவரப்படுவது. உயரத்தில் பசி மந்தமாகும் என்பதால், நாவுக்குப் பழகிய சிலவற்றைக் கொண்டு செல்லுங்கள்: நன்றாக வறுத்து இறுக மூடிய மாசிச் சம்பல், எள்ளுருண்டை, கித்துள் கருப்பட்டி. நாளுக்கு மூன்று முதல் நான்கு லீற்றர் நீராகாரம் தேவை. தேநீர் உடலை வரட்டிவிடும் என்று சொல்லி அதை நிறுத்தச் சொல்வோர் பேச்சைக் கேட்க வேண்டாம். நாளுக்கு ஐந்தாறு பிளேன்டீ குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் வரும் தலைவலி, மலைநோயின் தலைவலியோடு கலந்து குழப்பத்தையே உண்டாக்கும். ஐயாயிரம் மீற்றரில் தண்ணீர் ஏறத்தாழ 83 பாகையிலேயே கொதித்துவிட்டாலும், கிருமிகளைக் கொல்ல அது போதுமானது. கொதிநீர் வாங்கச் செலவாகும் என்பதால் குளோரின் குளிசைகளும் கையில் இருக்கட்டும்.

கடவுச்சீட்டும் காப்புறுதியும்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் மலையகத்தவர் பத்தரமுல்லை வரை போகாமல் கண்டியிலுள்ள பிராந்திய அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சார்க் நாட்டவர் என்ற வகையில் இலங்கையருக்கு ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் நேபாள விசா கட்டணமின்றி வழங்கப்படுகிறது. எவரெஸ்ட் அமைந்திருக்கும் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கும் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குமான அனுமதிச் சீட்டிலும் சார்க் நாட்டவருக்குத் தனியான குறைந்த கட்டணம் உண்டு. முகவர் பிற வெளிநாட்டவருக்குரிய கட்டணத்தை உங்களிடம் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடையர்களுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம் என்று நேபாளம் அறிவித்திருக்கிறது. அந்த விதி இல்லாவிட்டாலும் முதல் நடையில் வழிகாட்டி இல்லாமல் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பயணக் காப்புறுதிப் பத்திரத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள்: எத்தனை மீற்றர் உயரம் வரை அது செல்லும், ஹெலிகொப்டர் மீட்பு அதில் அடங்குமா. சாதாரண சுற்றுலாக் காப்புறுதிகள் பல இவை இரண்டையும் விலக்கியிருக்கும். லுக்லா விமானங்கள் முகிலுக்கும் காற்றுக்கும் அடிக்கடி இரத்தாகும், நெரிசல் மாதங்களில் அவை காத்மண்டுவிலிருந்து அல்லாமல் நான்கைந்து மணிநேரப் பயணத் தூரத்திலுள்ள ராமேசாப்பிலிருந்து புறப்படும். ஆகவே நாடு திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது இரண்டு நாட்களை வெறுமையாக விட்டு வையுங்கள்.

மேலே சென்றபின்: தலைவலியை ஒளிக்காதிருத்தல்

சிவனொளிபாதமலை ஏறும்போது களைப்பைப் பற்றியோ மிச்சமிருக்கும் தூரத்தைப் பற்றியோ பேசக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பக்திப் பயணத்துக்கு அது அழகான வழக்கம். இமயத்துக்குச் செல்லும்போது அதைக் கட்டுநாயக்கவிலேயே விட்டுவிட வேண்டும். நம்மவர் குழுக்களில் வயதில் மூத்த ஒருவர் முன்னே நடப்பார். பின்னால் வரும் தம்பிக்குத் தலை வெடிப்பதுபோல் இருந்தாலும், "ஒன்றுமில்லை அண்ணா" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பான். இந்த மரியாதைதான் அங்கே மிக ஆபத்தானது. புறப்படும் முன்னரே குழுவில் ஓர் ஒழுங்கைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: காலையிலும் மாலையிலும் ஒவ்வொருவரும் தலைவலி, வாந்தி உணர்வு, களைப்பு, தலைச்சுற்று ஆகிய நான்கையும் பற்றி, கேட்கப்படாமலே சொல்ல வேண்டும்.

தலைவலியோடு மற்றவற்றில் ஒன்றும் சேர்ந்திருந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியாத வரை அதை மலைநோய் என்றே கொள்ள வேண்டும். அன்று மேலே ஏறக் கூடாது. அதே இடத்தில் ஓய்வெடுக்கலாம், பரசிற்றமோல் எடுக்கலாம். மறுநாளும் குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால் இறங்க வேண்டும். இதைவிடக் கொடிய வடிவங்கள் இரண்டு. ஒன்று மூளை வீக்கம்: பேச்சுத் தடுமாறும், குழப்பம் வரும், நடை தள்ளாடும். சந்தேகம் வந்தால், ஒரு நேர்கோட்டில் ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அது அவசர நிலை. மற்றது நுரையீரலில் நீர் கோர்த்தல்: அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், முற்றினால் இளஞ்சிவப்பு நுரை வெளிவரும். இரண்டுக்கும் மருத்துவம் இறங்குவதே. விடியட்டும் என்று காத்திராமல், இரவானாலும், துணையோடு, முடிந்த அளவு கீழே கொண்டு செல்ல வேண்டும். எவரெஸ்ட் பாதையில் பெரிச்சேயிலும், அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் மனாங்கிலும் இமாலய மீட்புச் சங்கத்தின் உதவி நிலையங்கள் பருவகாலத்தில் இயங்குகின்றன. அங்கே நடக்கும் மலைநோய் விளக்க உரையைத் தவறவிடாதீர்கள்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய ஒட்சிசன் அளக்கும் விரற்கருவியைப் பலர் எடுத்துச் செல்கிறார்கள். குளிர்ந்த விரலில் அது பிழையாகக் காட்டும், உயரத்தில் எண்கள் எல்லோருக்கும் குறைந்தே இருக்கும். எண் நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தலைவலிக்காரரை மேலே ஏற்றக் கூடாது.

திரும்பி வருவது தோல்வி என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2016 மே மாதத்தில் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். அவரோடு சென்ற யொஹான் பீரிஸ் உச்சிக்குச் சில நூறு மீற்றர் கீழே திரும்ப வேண்டியதாயிற்று. 2018 இல் மீண்டும் சென்று அவரும் உச்சியை அடைந்தார்.

கடைசி வாரம்

பல்வலி இருந்தால் புறப்படுமுன் பார்த்துவிடுங்கள், மேலே பல் வைத்தியர் இல்லை. தடிமனோ காய்ச்சலோ இருந்தால் முதல் நாட்களின் நிரலை இன்னும் மெதுவாக்க வழிகாட்டியிடம் சொல்லுங்கள். நடை தொடங்குவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் கால்நகங்களைக் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துக் கழன்றுவிடும். நாம்சேக்கு மேலே பண இயந்திரத்தை நம்ப முடியாது என்பதால் நேபாள ரூபாவைக் காத்மண்டுவிலேயே மாற்றி, சிறு தாள்களாக எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வோர் இரவும் எந்த ஊரில் தங்குவீர்கள், முகவரின் தொலைபேசி எண் என்ன, காப்புறுதி இலக்கம் என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டு, சில நாட்கள் அழைப்பு வராமலும் போகலாம், அதற்காகக் கலங்க வேண்டாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.